ஆறு மரக்கால் கூடுதல்

எங்கள் கிடங்கில் தானியம் குறைந்தால் யாரும் அசரமாட்டோம். எலி தின்றிருக்கும், கோணி கிழிந்திருக்கும், தூக்கி வந்தவர் மடியில் கொஞ்சம் முடிந்திருப்பார். நாலு கத்து கத்துவோம், மறுநாள் மறந்துவிடுவோம். அன்று குறையவில்லை, கூடிவிட்டது. அளந்து போட்டதைவிட ஆறு மரக்கால் அதிகமாகத் தொட்டியில் நின்றது. அந்த ஆறு மரக்காலை நினைத்தால் இப்போதும் கோணி ஊசி என் கையில் நிற்கமாட்டேன் என்கிறது.

அளந்து போட்டவள் என் அண்ணி. என் ஒரே அண்ணனின் மனைவி. கிடங்கில் அவளுக்குத் ‘தலைதட்டி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். எட்டுப் படி கொள்கிற மரக்காலில் தானியத்தை அள்ளினால் அது விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும். அந்தக் குவியலை ஒரு கோலால் வழித்து விளிம்போடு சமமாக்குவதைத்தான் தலைதட்டுவது என்போம். குவித்து அளந்தால் வாங்குகிறவருக்கு லாபம், தலைதட்டினால் இரண்டு பேருக்கும் நியாயம். அண்ணி தட்டினால் ஒரு மணிகூடத் தலைதூக்கி நிற்காது. பேச்சிலும் அப்படியே. நாம் ஆசையாக ஒரு வார்த்தை எதிர்பார்த்தால் அதையும் வழித்துவிட்டு மீதியைத்தான் கொடுப்பாள்.

அவள் இப்படி ஆனதற்கு அவளுடைய அம்மாதான் காரணம். இதை அவளே ஒருமுறை, கோணிகளை உதறிக்கொண்டிருந்தபோது, என்னிடம் சொன்னாள். அந்த அம்மா பேருந்து நிலைய வாசலில் சின்னப் பழங்களை உழக்கால் அளந்து விற்றவர். உழக்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிடிப்பார். விரல் இருக்கிற இடத்தில் பழம் இருக்காது அல்லவா? ஒவ்வொரு உழக்குக்கும் நாலைந்து பழம் மிச்சம். பார்க்கிறவர் கண்ணுக்கோ உழக்கு நிறைந்து வழியும். ஒருநாள் வாங்க வந்த பெண் ஒருத்தி அந்தக் கையை அப்படியே பிடித்து, விரலும் உழக்குமாகத் தூக்கி, சுற்றி நின்ற எல்லோருக்கும் காட்டிவிட்டாள். அண்ணி அப்போது சிறுமி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

“எங்கம்மா வெக்கப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. சிரிச்சாங்க. பல்லு தெரியச் சிரிச்சாங்க,” என்றாள் அண்ணி. அத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்தைப் பிடித்தாலும் விரல்களை வெளியே விறைத்து நீட்டிக்கொண்டு பிடிக்கிற பழக்கம் வந்துவிட்டது. டீ டம்ளரைக்கூட அப்படித்தான் பிடிப்பாள். தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ பெரிய வீட்டுச் சீமாட்டி வழி தவறிக் கிடங்குக்குள் வந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் நானே அப்படி நினைத்து, என்ன திமிர் என்று அண்ணனிடம் முறையிட்டிருக்கிறேன்.

அண்ணன்தான் அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்தான். அவன் தொட்டிக்குள் இறங்கித் தானியத்தை நிரவுகிறவன். நான் கீழே மூலையில் உட்கார்ந்து கிழிந்த கோணிகளைத் தைக்கிறவள். முன்பு அளந்துகொண்டிருந்தவர் தனக்குப் பிடித்தவர் வந்தால் ஒரு மாதிரியும் பிடிக்காதவர் வந்தால் இன்னொரு மாதிரியும் எண்ணுவார். அவர் வேலையை விட்டு நின்ற பிறகு அந்த இடத்தில் அண்ணி ஏறினாள். கொஞ்ச நாளிலேயே தூரத்து ஊர்களிலிருந்தும் வண்டிகள் எங்கள் கிடங்கைத் தேடி வர ஆரம்பித்தன. ‘அந்தம்மா இருக்காங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்குவார்கள். முதலாளிக்கு இதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. எடை மேடை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் அளக்க ஆளே வேண்டாம் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் அண்ணியை நம்பி வந்ததால்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறை தப்பாக அளந்துவிட்டால் போதும். மறுநாளே எடை மேடை வந்து இறங்கிவிடும், அண்ணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அண்ணிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவர் எழுப்பிய ஆழமான தொட்டி. உள்சுவரில் பத்து மரக்காலுக்கு ஒரு கோடு பெயிண்டில் போட்டிருக்கும். தொட்டியின் ஒரு பக்கம் உயரத்தில் பலகை கட்டியிருக்கும், அதில் அண்ணி நிற்பாள். மூட்டைகளை மேலே ஏற்றி அவள் முன்னால் படுதாவில் கொட்டுவார்கள். அவள் அள்ளி, தலைதட்டி, எண்ணைச் சத்தமாகச் சொல்லித் தொட்டிக்குள் கவிழ்ப்பாள். கீழே அண்ணன் நிரவுபலகையோடு நின்று, விழுந்ததை நாலு பக்கமும் தள்ளிச் சமப்படுத்துவான். ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் உள்ளேயிருந்து ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். ஆள் பத்திரமாக ஒதுங்கி நிற்கிறார் என்பதற்கும் அதுதான் அடையாளம், எண்ணிக்கைக்கும் அதுதான் சாட்சி. பதில் வராமல் அடுத்த மரக்கால் விழக் கூடாது. கிடங்கில் சேருகிறவர்களுக்கு மேஸ்திரி முதலில் சொல்லிக்கொடுக்கிற சட்டம் இதுதான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என் அண்ணனுக்கு நாலு பேர் கூடினால் வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் எல்லோர் முன்னாலும், “என் பொண்டாட்டி வீட்டுலயும் தலைதட்டித்தான் அரிசி போடுவா. எனக்கு ஒரு உழக்கு, அவளுக்கு ஒரு உழக்கு. என் தங்கச்சி வந்துட்டா நாங்க மூணு பேரும் தட்டைப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்,” என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி பின்னால் நிற்கிறாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சமைத்து மூடிவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள், வேறென்ன. அண்ணனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நீ பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன் என்று, தொட்டிக்குள்ளேயிருந்து ‘ஆச்சு’ சொல்வதை நிறுத்தினான். அதற்குப் பதில் நிரவுபலகையின் கம்பால் சுவரில் ‘டொக்’ என்று ஒரு தட்டு தட்டுவான். மேலே அவள் எண்ணைச் சொல்வாள், கீழே இவன் தட்டுவான். இரண்டும் ஏழு கழுதை வயசானதுகள், குழந்தைகள் மாதிரி. பார்க்கிற எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. இதைக் கண்டிக்க வேண்டிய மேஸ்திரியே, “புருசன் பொண்டாட்டி விசயம், ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்,” என்று கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

அன்றைக்கு வந்தது மக்காச்சோளம். ஒரு விவசாயி தன் வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார். சரியாக உலராத சோளம். ஈரம் இருந்தால் தானியம் உருண்டு பரவாது, விழுந்த இடத்திலேயே மேடாக ஏறிக்கொண்டு போகும். அண்ணன் வழக்கமாக வேகமாகத் தள்ளிக்கொண்டே இருப்பான். கோபத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு பழக்கம் உண்டு. தூரத்து மூலையில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். தூசியும் மணியும் மேலே விழாமலிருக்கக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வான். உட்கார்ந்தபடியே சுவரில் தட்டுவான். மேடு நன்றாக உயர்ந்த பிறகுதான் எழுந்து தள்ளுவான். பலகையில் நிற்கிறவர்களுக்கு அந்த மூலை இருட்டாகத்தான் தெரியும், மேடு உயர்ந்துவிட்டால் அதுவும் தெரியாது.

பக்கத்துக் கொட்டகையில் சோளம் உதிர்க்கிற எந்திரம் காதைப் பிளந்துகொண்டு ஓடியது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல். ராகம் போட்டு எண்ணினால் தெருமுனை வரைக்கும் போகும். தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. நடுவில் மேஸ்திரி கீழேயிருந்து, “உள்ளே ஆள் இருக்காரா?” என்று கத்தினார். “அவரு எப்பவோ எறங்கிப் போயிட்டாரு, டீக்கடைக்கு,” என்று அண்ணி மேலேயிருந்து கத்தினாள். அண்ணன் அப்படி நடுவில் நழுவிப் போகிறவன்தான். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இருநூறு என்று சொல்லி அண்ணி மரக்காலைக் கவிழ்த்துவைத்தாள். விவசாயியின் சோளம் அவ்வளவுதான், படுதா சுத்தமாக இருந்தது. மேஸ்திரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கமாட்டார். பலகையில் நின்றபடியே நீளக் கம்பு வைத்த வேறொரு நிரவுபலகையால் மேட்டை இழுத்து மூலைக்கு மூலை சமன் செய்தார். பிறகு குனிந்து சுவரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னம்மா இது, கோட்டுக்கு மேல நிக்குது?”

இருநூறுக் கோட்டைச் சோளம் மூடியிருந்தது. அடுத்த கோட்டுக்குப் பாதிக்கும் மேலே ஏறியிருந்தது. மேஸ்திரி விரலை வைத்துப் பார்த்து, “ஆறு மரக்கால் கூட இருக்கு,” என்றார்.

கீழே நின்ற விவசாயிக்கு இது காதில் விழுந்ததும் முகம் மாறியது. அவர் கணக்கில் இதற்கு ஒரே அர்த்தம்தான். இருநூற்றாறு மரக்கால் சோளத்தை வாங்கிக்கொண்டு இருநூறு என்று எண்ணியிருக்கிறார்கள். தலைதட்டுவது போலப் பாவனை செய்து குவித்துப் போட்டிருக்கிறார்கள். “உங்களை நம்பித்தானே அவ்வளவு தூரத்துல இருந்து வந்தேன்? என் தலையிலேயே கை வெச்சுட்டீங்களே!” என்று அண்ணியைப் பார்த்து அவர் கேட்டபோது அவர் குரல் உடைந்தே போய்விட்டது. அவர் கத்தியிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பாள். அண்ணி மரக்காலை நிமிர்த்தி அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நாலே வார்த்தையில் விசயத்தை முடித்துவிட்டார். “சரிம்மா, எண்ணிக்கை பிசகியிருக்கும், வயசாகுதில்ல? ஐயா, உங்க ஆறு மரக்காலையும் சேர்த்தே எடுத்துக்கிறேன். எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க.” அவர் முகத்தில் கோபமே இல்லை. எடை மேடை வாங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். விவசாயியும் சரி என்றார். சுமை தூக்குகிறவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். எல்லோருக்கும் பசி.

அண்ணி மட்டும் நகரவில்லை.

“நான் எண்ணினது இருநூறு. தலைதட்டித்தான் போட்டேன். மறுபடியும் அளக்கணும்.”

“அட, விடும்மா. ஆறு மரக்காலுக்காகத் தொட்டியையே காலி பண்ணுவாங்களா?”

“பண்ணணும்.”

நானும் பலகைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, “அண்ணி, போதும், கீழே வாங்க. யாரும் உங்களைத் திருடின்னு சொல்லலை,” என்றேன்.

“சொல்லல. நெனைச்சுட்டாங்க,” என்றாள். அவ்வளவுதான், மரக்காலை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையிலிருந்து தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். ஒற்றைக்காலில் நிற்கிறவளை என்ன செய்வது? சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே பலகையில் ஏறிக் கோணியைப் பிடித்தார்கள். தொட்டியின் நடுவில் நின்று அவள் அள்ளி, தட்டி, தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். “ஒண்ணு... ரெண்டு...”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன பெண் இவள், ஊரே சாப்பிடப் போகும்போது உலகத்தில் இவள் ஒருத்திக்குத்தான் மானம் இருக்கிற மாதிரி. அப்போது அவள் தலையைத் தூக்காமலேயே என்னிடம் சொன்னாள். “அந்த மனுசனைக் கூட்டிட்டு வா. பாதி வரைக்கும் அவரும் எண்ணினாரு. பேசாட்டியும் பரவாயில்ல, வந்து தலையை ஆட்டட்டும்.”

டீக்கடைக்கு ஓடினேன். அண்ணன் இல்லை. “காலையில இருந்தே வரலையே,” என்றார் கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே. வண்டி நிற்கிற இடத்தில் பார்த்தேன், இல்லை. குழாயடியில் பார்த்தேன், இல்லை. கிடங்குக்குப் பின்னால் சந்தில்தான் அவர்கள் வீடு. ஒற்றை அறை, பூட்டித்தான் கிடந்தது. அதுவரைக்கும் எனக்கு எரிச்சல்தான். திரும்பிக் கிடங்குக்குள் வந்து, தொட்டிக்கு வெளியே, பலகைக்கு எதிர்ப்பக்கம் சாத்தியிருந்த ஏணியை நோக்கி நடந்தேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். ஏணிக்கு அடியில் அண்ணனின் செருப்பு.

தானியத்தில் செருப்போடு யாரும் இறங்கமாட்டார்கள். ஏணிக்கு அடியில் கழற்றிப்போட்டுவிட்டு இறங்குவார்கள், ஏறி வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். டீக்கடைக்கு வெறுங்காலோடு என் அண்ணன் போகமாட்டான், அவன் காலில் எப்போதும் பித்தவெடிப்பு. செருப்பைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

“அண்ணி, அண்ணன் எங்கேயும் இல்லை. செருப்பு இங்கேயே கிடக்கு,” என்றேன்.

மரக்கால் பாதி தூக்கிய நிலையில் அவள் கை நின்றது. செருப்பைப் பார்த்தாள். சுவரில் கோட்டைப் பார்த்தாள். தன் காலடியில் இருந்த சோளத்தைப் பார்த்தாள். எங்களுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் ஒரு விரலை விடாமல் காத்தவள் அல்லவா அவள்? உள்ளே இருக்கிற பொருள் தானியத்தை மேலே தள்ளும் என்பதை அவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

“ஆறு மரக்கால்,” என்றாள், மெதுவாக. அப்புறம் ஒரு அலறல் போட்டாள் பாருங்கள். எந்திரத்தின் சத்தத்தையும் மீறிக்கொண்டு அது பக்கத்துக் கொட்டகைக்குக் கேட்டு, அங்கே யாரோ எந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். “உள்ளே இருக்காரு! அவரு உள்ளே இருக்காரு!”

சுமை தூக்குகிறவர்கள் பதறிக்கொண்டு குதிக்கப் போனார்கள். “யாரும் குதிக்காதீங்க! மிதிச்சுடுவீங்க!” என்று தடுத்துவிட்டு, அண்ணி தூரத்து மூலைக்கு முழங்காலால் நகர்ந்து போனாள். மரக்காலால் வாரி வாரிப் பின்னால் எறிந்தாள். தலை தட்டவில்லை, எண்ணவில்லை. சோளம் எறிய எறியத் திரும்பி உள்ளேயே சரிந்தது. மரக்காலை வீசிவிட்டுக் கைகளால் பிறாண்டினாள். மேஸ்திரி, அந்தத் தொப்பையோடு, எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, அவள் பின்னால் உட்கார்ந்து சரிகிற சோளத்தை மார்பால் அணைபோட்டுத் தடுத்தார். விவசாயி படுதாவை வீசிக் கொடுத்தார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே,” என்று ஏணியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு சாண் ஆழத்தில் கூடையின் அடிப்பாகம் தெரிந்தது. சற்று முன்புதான் மேஸ்திரியின் நிரவுபலகை அதன் மேலே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதை நினைத்தோ என்னவோ அந்த மனிதர் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

கூடையை நிமிர்த்தினார்கள். என் அண்ணன் முகம் என்று அதைச் சொல்ல எனக்கு நேரமாயிற்று. சாம்பல் பூசின மாதிரி இருந்தது. கண் மூடியிருந்தது. உதட்டோரத்தில் தூசி குழைந்து அப்பியிருந்தது. அந்த உதடு அசைந்தது. மேடு மொத்தமும் ஒரே சரிவாகச் சரிந்து அவனை உட்கார்ந்த நிலையிலேயே மூடியிருக்கிறது. கைகளை அசைக்க முடியாதபடி மார்பு வரை சோளம் இறுக்கியிருக்கிறது. கூடைக்குள்ளிருந்த கொஞ்சம் காற்றும், பெரிய மணிகளின் இடுக்குகளில் கசிந்து வந்த காற்றும்தான் அவனைப் பிடித்துவைத்திருக்கின்றன. தோண்டித் தோண்டி, அக்குளில் துண்டைப் போட்டு, அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தார்கள்.

இத்தனையும் நடந்து அவனைப் பலகையில் கிடத்தியதும், முதலாளி சந்தோசத்தில் உளறினார். “அப்ப அளவு சரிதான்! ஆறு மரக்கால் உன் புருசன்தான்! உன் அளவு தப்பவே தப்பாதும்மா!” அவர் கெட்டவர் இல்லை, பயம் தெளிந்தவுடன் வாயில் வந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த நிமிடம் அவரைக் கோணி ஊசியால் குத்திவிடலாம் போல இருந்தது. விவசாயி கையெடுத்துக் கும்பிட்டு, “அம்மா, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார். வெகுநாளாக அவள் எதைக் கட்டிக் காத்தாளோ அந்தப் பெயர் அத்தனை பேர் முன்னாலும் திரும்பக் கிடைத்தது. அவள் இரண்டு பேரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

விவசாயியின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம், மேஸ்திரியும் முதலாளியும் கூடவே வந்தார்கள். வழியெல்லாம் நான் அண்ணியைப் பாராட்டிக்கொண்டே வந்தேன். நீங்க பிடிவாதம் பிடிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும், நாங்க எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம், நீங்கதான் அண்ணி எங்க அண்ணனைக் காப்பாத்தினீங்க என்று அழுதுகொண்டே பிதற்றினேன். அவள் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே வந்தாள். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளவயது டாக்டரம்மா. அண்ணனுக்கு மூச்சுக்கு முகமூடி மாட்டி, மார்பை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். கால்களை நீட்டி மடக்கச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாரு?”

மேஸ்திரி அரை மணி இருக்கும் என்றார். முதலாளி, இல்லை, ஒரு மணிக்கு மேலே இருக்கும் என்றார். எனக்குத் தெரியவில்லை.

“சரியா யாராவது சொல்ல முடியுமா? அதை வெச்சுத்தான் நான் மேல பார்க்கணும்.”

“நூத்தி முப்பத்தி நாலுக்குத் தட்டினாரு. முப்பத்தி அஞ்சுக்குத் தட்டல,” என்றாள் அண்ணி.

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. “நான் நேரத்தைக் கேட்கிறேன்மா.”

“நேரம் தெரியாது டாக்டர். நூத்தி முப்பத்தி அஞ்சுல இருந்து இருநூறு வரைக்கும். அறுபத்தி ஆறு மரக்கால். நான்தான் போட்டேன்.”

டாக்டரம்மா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எண் தெரிந்திருக்கிறது. தட்டு எந்த எண்ணோடு நின்றது என்று அவளுக்கு அப்போதே தெரியும். எந்திரச் சத்தத்தில் கேட்காமல் போகவில்லை, மறந்தும் போகவில்லை. தட்டக்கூட மனசு வரலையா உனக்கு என்று வீம்பு ஏறி, டீக்கடைக்குப் போய்விட்டான் என்று தானாகவே முடிவு கட்டி, குனிந்து ஒரு குரல் கொடுக்காமல், அடுத்ததைக் கவிழ்த்திருக்கிறாள். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றையும் தலைதட்டி. சற்று முன்பு வண்டியில் நான் கும்பிட்ட அதே கையைப் பிடித்து முறித்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

கட்டிலில் அசைவு. அண்ணன் கையைத் தூக்கி முகமூடியை இழுத்தான். நர்ஸ் அதட்டினாள், அவன் கேட்கவில்லை. குரல் என்று ஒன்று இல்லை, உமி உரசுகிற மாதிரி ஏதோ வந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்தோம். அவன் அண்ணியைத்தான் பார்த்தான்.

“முப்பத்தி அஞ்சுக்குத் தட்ட... கை வரல,” என்றான். மூச்சு வாங்கினான். “வாயால சொன்னேன்டி. நீ எண்ணினது கேட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஆச்சு, ஆச்சுன்னு... இருநூறு வரைக்கும் சொன்னேன்.”

நர்ஸ் முகமூடியை மறுபடியும் மாட்டிவிட்டாள். அண்ணி சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.